ஸ்டீயரிங் திடீரென்று இறுகினால் பம்பைக் கழற்றும் முன்

கேள்வி: ஆத்தங்குடியிலிருந்து டைல்ஸ் ஏற்றிக்கொண்டு மதுரைக்கு ஓட்டுகிறேன். டீசல் பிக்கப், ஏழு வருட வண்டி. போன வாரம் பிள்ளையார்பட்டி விலக்குப் பக்கம் ஸ்டீயரிங் திடீரென்று கல் மாதிரி ஆகிவிட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு கையாலும் இழுத்து ஓரம் கட்டினேன். ஸ்டீயரிங் ஆயில் டப்பாவில் அளவு பெரிதாகக் குறையவில்லை. கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் சரியாகிவிட்டது. மறுநாள் மறுபடியும் அதே கதை. ஒரு மெக்கானிக் பம்ப் போய்விட்டது என்கிறார். இன்னொருவர் ஸ்டீயரிங் பாக்ஸையே மாற்றச் சொல்கிறார். வீட்டில் ஓவர்லோடுதான் காரணம் என்கிறார்கள். அன்றைக்கு பேட்டரி லைட் ஒருமுறை மினுங்கியது, பிரேக்கும் கொஞ்சம் கட்டையாக இருந்தது. அது வேறு கோளாறா? கையில் இருக்கும் ஆர்டர் முடியும்வரை இப்படியே ஓட்டலாமா?

பதில்: போகிற போக்கில் கடைசியாக எழுதினீர்களே, பேட்டரி லைட்டும் பிரேக்கும், அதில்தான் விஷயம் இருக்கிறது. ஆயிலை அழுத்தி ஸ்டீயரிங்கை இலகுவாக்குவது பம்ப், அந்த அழுத்தத்தை வாங்கிச் சக்கரத்தைத் திருப்புவது பாக்ஸ். பம்ப் மட்டும் கெட்டிருந்தால் ஸ்டீயரிங் மட்டும்தான் இறுகும். பேட்டரி லைட்டுக்கும் பிரேக்குக்கும் பம்போடு எந்தச் சம்பந்தமும் இல்லை. மூன்றும் ஒரே நேரத்தில் தலைகாட்டினால் மூன்றுக்கும் பொதுவாக இருக்கும் பொருளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது பெல்ட்.

பெட்ரோல் எஞ்சினில் பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்கு வேண்டிய வேக்கம், அதாவது காற்றில்லா உறிஞ்சல், எஞ்சின் காற்றை இழுக்கும்போதே கிடைத்துவிடும். டீசலில் அது போதாது. தனியாக ஒரு வேக்கம் பம்ப் வேண்டும். நம் ஊரில் ஓடும் பல டீசல் வண்டிகளில் இந்தப் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தில், அதே ஷாஃப்டில் உட்கார்ந்திருக்கும். பேட்டரியைச் சார்ஜ் செய்வது இந்த ஆல்டர்னேட்டர்தான், மெக்கானிக்குகள் டைனமோ என்று சொல்வதும் இதைத்தான். பெல்ட் வழுக்கினால் ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுற்றும், அதனால் லைட் மினுங்கும். வேக்கம் குறையும், பிரேக் கட்டையாகும். ஸ்டீயரிங் பம்பும் அதே பெல்ட்டில் இருந்தால் ஸ்டீயரிங்கும் இறுகும். சில எஞ்சின்களில் வாட்டர் பம்பும் அதே பெல்ட்தான். அப்படியானால் டெம்பரேச்சர் முள்ளும் ஏற ஆரம்பித்திருக்கும்.

உங்கள் வண்டியில் எது எந்த பெல்ட்டில் ஓடுகிறது என்பதை பானட்டைத் திறந்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம். எஞ்சின் நின்றிருக்க வேண்டும், சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும். தோளில் துண்டு இருந்தால் எடுத்து சீட்டில் போட்டுவிடுங்கள். சில எஞ்சின்களில் ஸ்டீயரிங் பம்புக்குத் தனி பெல்ட் இருக்கும், சிலவற்றில் பெல்ட்டே இல்லாமல் கியரிலிருந்து நேராக ஓடும். அப்படி இருந்தால் நான் சொல்லும் கணக்கு மாறும். அதனால் இதை முதலில் உறுதி செய்யுங்கள்.

பெல்ட் அறுந்திருந்தால் நின்று எடுத்ததும் சரியாகியிருக்காது. ஆகவே உங்களுடையது அறுந்த பெல்ட் அல்ல, வழுக்கும் பெல்ட். உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடி போலப் பளபளத்தால் வழுக்கித் தேய்ந்திருக்கிறது. வெடிப்பு இருந்தால் ஆயுள் முடிந்தது. கையில் பிசுபிசுப்பு ஒட்டினால் அதுதான் கவனிக்க வேண்டிய விஷயம், அதற்கு அடுத்து வருகிறேன். போல்ட்டைத் தளர்த்தி முறுக்கும் வகை பெல்ட் என்றால் இரண்டு புல்லிக்கும் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். சுமார் 10 மில்லிமீட்டர் அமுங்கலாம். அதற்கு மேல் போனால் தளர்ச்சி. தானாக இழுத்துக்கொள்ளும் டென்ஷனர் இருந்தால் இந்த அளவு பொருந்தாது. அதில் டென்ஷனர் புல்லியைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கரகரவென்றாலோ ஆடினாலோ பேரிங் போயிருக்கிறது. பம்ப் புல்லியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அபூர்வமாக, புல்லி சுற்றும், உள்ளே ஷாஃப்ட் சுற்றாது. புல்லியை ஷாஃப்டோடு பிணைக்கும் சாவிக்கட்டை அறுந்திருக்கும்.

இப்போது அந்தப் பிசுபிசுப்பு. டப்பாவில் ஆயில் குறையவில்லை என்பதால் கசிவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பம்பின் முன்பக்க ஆயில் சீலில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தாலே பெல்ட்டை நனைக்கப் போதும். டப்பாவில் அது தெரிய வாரக்கணக்கில் ஆகும். இந்த நிலையில் பெல்ட்டை மட்டும் மாற்றினால் புது பெல்ட்டும் கொஞ்ச நாளில் வழுக்கும். அப்போது எல்லோரும் சேர்ந்து பம்பையோ பாக்ஸையோ குற்றம் சொல்வார்கள்.

கசிவைத் தேடுவதில் நம் பக்கத்துச் செம்மண் ஒரு வசதியும் செய்கிறது, ஒரு தொல்லையும் தருகிறது. ஆயில் கசிந்த இடத்தில் புழுதி அப்பிச் சேறு போலக் கட்டியிருக்கும். பம்ப், ஹோஸ், பாக்ஸ் இவற்றில் எங்கே அந்த அப்பு இருக்கிறதோ அங்கேதான் சந்தேகம். தொல்லை என்னவென்றால், பல ஸ்டீயரிங் ஆயில்கள் சிவப்பு நிறம். செம்மண் தரையில் சொட்டினால் கண்ணுக்கே தெரியாது. அதனால் ராத்திரி வண்டியை நிறுத்தும்போது முன்பக்கம் அடியில் வெள்ளைச் சாக்கு ஒன்றை விரித்துவையுங்கள். பழைய அப்பை டீசலும் பிரஷும் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். டீசல் பெல்ட்டில் படக்கூடாது. ஒரு நாள் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். ஈரம் புதிதாக எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கேதான் ஓட்டை. பிரஷர் ஹோஸின் இரும்புப் பூண் மாட்டிய இடம், பம்ப் சீல், பாக்ஸிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் இரும்புக் கை இறங்கும் இடத்து சீல், இவைதான் வழக்கமான ஆட்கள். பாக்ஸுக்குப் பதில் பல் வெட்டிய கம்பி இருக்கும் ரேக் வகை ஸ்டீயரிங் என்றால் இரண்டு ஓரத்து ரப்பர் உறையையும் அழுத்திப் பாருங்கள். ஆயில் உள்ளேயே தேங்கி வெளியே தெரியாமல் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது பிரஷர் ஹோஸைக் கையால் தடவிக் கசிவு தேடக்கூடாது. உள்ளே அழுத்தம் பல வண்டிகளில் 70 முதல் 100 பார் வரை போகும். லாரி டயர் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. ஊசி முனை ஓட்டையிலிருந்து பீய்ச்சினால் தோலுக்குள் ஏறிவிடும். வெளியே சிறு புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் அது ஆஸ்பத்திரி காயம்.

டப்பா மூடியைத் திறந்தபோது ஆயிலின் நிறத்தையும் பார்த்தீர்களா? கறுத்துக் கருகிய வாசனை அடித்தால் பழசாகிவிட்டது. பால் போல நுரைத்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது. பம்புக்கு ஆயில் போகும் பைப்பின் கிளிப் தளர்ந்தாலே காற்று இழுக்கும். சில டப்பாக்களின் அடியில் சல்லடை இருக்கும். அது அடைத்துக்கொண்டால் ஆயில் நிறைய இருந்தும் பம்ப் பட்டினி கிடக்கும். எந்த ஆயில் என்று மூடியிலோ கையேட்டிலோ போட்டிருப்பதை மட்டும் ஊற்றுங்கள். அவசரத்துக்கு பிரேக் ஆயில் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதோடு உள்ளே இருக்கும் சீல் எல்லாம் ஊதிப்போகும், பிறகு பம்பும் பாக்ஸும் இரண்டும் செலவுதான்.

சரி, பெல்ட் நன்றாக இருக்கிறது, ஆயிலும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் இறுகுகிறது என்றால்? அப்போதுதான் உங்கள் இரண்டு மெக்கானிக்குகளின் வாதத்துக்கு வர வேண்டும். எப்படி இறுகுகிறது என்பதே பாதி பதில். ஐடிலில் இறுகி, ரேஸ் கொடுத்தால் இலகுவானால் பம்ப் தேய்ந்திருக்கலாம். சூடு ஏறிய பிறகு மட்டும் இறுகினாலும் பம்ப் பக்கம்தான் சந்தேகம். இடப்பக்கம் இலகு, வலப்பக்கம் மட்டும் கனம் என்றால் பம்பைத் தொடவே வேண்டாம், கோளாறு பாக்ஸுக்குள். ஒரே சுற்றில் ஒரு இடத்தில் கனம், அடுத்த இடத்தில் இலகு என்று மாறி மாறி வந்தால் ஸ்டீயரிங் ராடில் இருக்கும் யூனிவர்சல் ஜாயிண்ட் துருப்பிடித்திருக்கும். அதற்கு ஆகும் செலவு மற்றதையெல்லாம் பார்க்கச் சொற்பம்.

முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்ட் கொடுத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை போட்டு, எஞ்சின் ஓடாமல் ஸ்டீயரிங்கை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை திருப்பிப் பார்ப்பதும் நல்லது. சக்கரம் தரையில் இல்லாதபோது ஒரே சீராகத் திரும்ப வேண்டும். அப்போதும் முரண்டு பிடித்தால் முன்சக்கரம் திரும்பும் மூட்டான கிங்பின்னோ பால் ஜாயிண்டோ கிரீஸ் இல்லாமல் இறுகியிருக்கிறது. பம்ப் மாற்றி ஒரு பயனும் இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு பம்பா பாக்ஸா என்று தீர்க்க ஒரே வழி பிரஷர் கேஜ். பம்புக்கும் ஹோஸுக்கும் நடுவில் வால்வோடு கேஜை மாட்டி, எஞ்சினை ஓட்டி, வால்வை ஒரு கணம் மூடிப் பார்ப்பார்கள். கையேட்டில் உள்ள அழுத்தம் வந்தால் பம்ப் நல்லது, பாக்ஸைப் பாருங்கள். வராவிட்டால் பம்ப். வால்வை ஐந்து விநாடிக்கு மேல் மூடிவைத்தால் நல்ல பம்பும் சூடேறிப் போய்விடும், அதனால் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். லாரி, பஸ் ஸ்டீயரிங் வேலை பார்க்கும் பட்டறைகளில் விசாரியுங்கள். கேஜ் மாட்டாமல் பாக்ஸை மாற்றச் சொல்பவரிடம் நான் வண்டியை விடமாட்டேன். பம்ப்தான் என்று தெரிந்தாலும் உடனே புதுசு வாங்க வேண்டியதில்லை. உள்ளே ஃப்ளோ கண்ட்ரோல் வால்வு என்று ஸ்பிரிங்கோடு ஒரு சின்ன உருளை இருக்கும். தூசு சிக்கி அது மாட்டிக்கொண்டாலும் திடீரென்று இறுகும், திடீரென்று விடும். கழற்றிக் கழுவிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

லோடு விஷயத்தில் வீட்டில் சொல்வதை நான் ஏற்கமாட்டேன், இந்தக் கோளாறுக்கு மட்டும். பிக்கப்பில் பாரம் பெரும்பாலும் பின் ஆக்சிலில்தான் விழுகிறது. ஸ்டீயரிங் திருப்புவது முன்சக்கரத்தை. ஆத்தங்குடி டைல்ஸ் சிமெண்டும் மணலும், கனத்த சரக்கு, அதிகம் ஏற்றினால் பிரேக்குக்கும் டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் ஆபத்துதான். ஆனால் ஒரு நிமிடம் இறுகி அடுத்த நிமிடம் சரியாவதற்குப் பாரம் காரணம் ஆகாது. முன் டயரில் காற்று குறைந்திருந்தாலும் கனக்கும். அது எப்போதும் கனக்கும்.

ஆர்டர் முடியும்வரை ஓட்டலாமா என்றால், கூடாது. ஸ்டீயரிங் மட்டும் என்றால் கஷ்டப்பட்டாவது திருப்பலாம், சக்கரத்தோடு இரும்புத் தொடர்பு இருக்கிறது. பட்டறைவரை காலி வண்டியாக மெதுவாகக் கொண்டுபோகச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு பிரேக்கும் சேர்ந்து கட்டையாகிறது. டைல்ஸோடு மேலூர் ரோட்டில் அந்த பெல்ட் அறுந்தால் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்கம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். இரண்டு லோடை வாடகை வண்டியில் அனுப்புங்கள்.

பட்டறைக்குப் போகும் வழியிலேயே மறுபடி இறுகினால் ஓடும்போது சாவியை அணைக்காதீர்கள், ஸ்டீயரிங் லாக் விழுந்துவிடலாம். பிரேக்கைப் பம்ப் அடிக்காமல் ஒரே அழுத்தாக மிதியுங்கள், கியரைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். டெம்பரேச்சர் முள் ஏறியிருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம்.

வேலை முடிந்து புது ஆயில் ஊற்றியதும் காற்றை வெளியேற்றாமல் வண்டியை வாங்காதீர்கள். முன்சக்கரம் தூக்கிய நிலையில், முதலில் எஞ்சின் ஓடாமல், ஓரத்திலிருந்து ஓரம்வரை பல முறை மெதுவாகத் திருப்ப வேண்டும். டப்பாவில் குமிழி நிற்கும்வரை ஆயிலை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகுதான் ஸ்டார்ட். புது பெல்ட் கொஞ்சம் இழுபடும், ஆகவே முறுக்கும் வகையாக இருந்தால் முதல் இரண்டு மதுரை நடைக்குப் பிறகு கட்டைவிரல் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்த வெள்ளைச் சாக்கையும் ஒரு வாரம் வண்டிக்கு அடியில் விரித்தே வையுங்கள்.