1819-ஆம் ஆண்டு ஓவியக் கலையில் ஏன் முக்கியம்?

முதல் காரணம் பிரெஞ்சு ஓவியர் தியோடோர் ஜெரிக்கோ. அந்த ஆண்டு பாரிஸ் சலோன் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய 'மெடூசாவின் தெப்பம்' ஏறத்தாழ 5 மீட்டர் உயரம், 7 மீட்டர் அகலம். 1816-இல் மேற்கு ஆப்பிரிக்கக் கரையருகே மெடூசா என்ற பிரெஞ்சுக் கப்பல் தரைதட்டியது. தெப்பத்தில் ஏற்றிக் கைவிடப்பட்ட சுமார் 150 பேரில் மீட்கப்பட்டவர்கள் 15 பேர்தான். ஜெரிக்கோ உயிர் தப்பியவர்களைத் தேடிப்போய்ப் பேசினார். அவர்களில் ஒருவரான கப்பல் தச்சரைக் கொண்டே மாதிரித் தெப்பம் செய்ய வைத்தார். அப்புறம், ஓவியத்தின் உச்சியைப் பாருங்கள்: துணியை வீசித் தொலைதூரக் கப்பலை அழைப்பவர் ஒரு கறுப்பினத்தவர். அரசர்களுக்கும் போர்வீரர்களுக்கும் ஒதுக்கிய அளவில் சாமானியர்களை வரைந்ததே பெரிய துணிச்சல் என்பேன். அதே ஆண்டில்தான் ஸ்பெயினின் மத்ரித்தில் பிராதோ கலை அருங்காட்சியகம் திறந்தது. ஆங்கில ஓவியர் டர்னர் முதல்முறையாக ரோமையும் வெனிஸையும் பார்த்தார்.