எனாமலுக்குள் ஒரு கூழ்

கேள்வி: மகன் பிறந்ததிலிருந்து நாலு வருஷம் தென்னாப்பிரிக்காவின் பிலான்ஸ்பர்க் பக்கம் இருந்தோம், குடித்ததெல்லாம் போர்வெல் தண்ணீர். இப்போது அவனுக்கு 8 வயது, முளைத்த மேல் முன்பற்கள் இரண்டிலும் சுண்ணாம்பு தடவினது போல வெள்ளைத் திட்டு. பல் டாக்டர் "எனாமல் சரியாக முதிரவில்லை" என்கிறார். முளைத்த பல் எப்படி முதிராமல் இருக்கும்? தேய்த்தால் போகுமா?
- வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: தேய்த்தால் போகாது அம்மா. போட்டுத் தேய்த்து ஈறைப் புண்ணாக்கிவிடாதீர்கள்.

உடம்பிலேயே கெட்டியான பொருள், பல்லின் மேல்பூச்சான எனாமல்தான், ஆனால் உருவாகத் தொடங்கும்போது அது வெறும் கூழ். ஈறுக்குள் இருக்கும் அமெலோபிளாஸ்ட் என்ற செல்கள் முதலில் ஒரு புரதக் கூழைக் கக்குகின்றன, அதில் பத்தில் ஒன்பது பங்கு அமெலோஜெனின் என்ற புரதம். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அது சுமார் 20 நானோமீட்டர் உருண்டைகளாக, கோத்த பாசிமணி போலத் தெரியும்; ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரக்கணக்கில் நிற்கும். (அமெலோஜெனினின் மரபணு எக்ஸ், ஒய் இரண்டு குரோமோசோமிலும் கொஞ்சம் வேறுபட்டு இருப்பதால், எலும்புக்கூடு ஆணா பெண்ணா என்றுகூட இதை வைத்துச் சொல்கிறார்கள்.) இந்தக் கூழுக்கு நடுவில்தான் சுண்ணாம்புச்சத்தும் (கால்சியம்) பாஸ்பேட்டும் சேர்ந்து மெல்லிய படிகங்களாக நீளும்.

கற்கண்டுக்குள் நூல் இருக்கும் அல்லவா, அதைச் சுற்றித்தானே சர்க்கரை படியும்? பல்லில் அந்த நூலை உடம்பே உருவி எடுத்துவிடுகிறது. எம்எம்பி-20 என்ற நொதி முதலில் புரதத்தை வெட்டும், அப்புறம் கேஎல்கே-4 என்ற இன்னொரு நொதி வந்து மிச்சத்தைத் தூளாக்கும், செல்கள் அதை உறிஞ்சிக்கொள்ளும், காலியான இடத்தில் படிகம் பருக்கும். கடைசியில் எடையில் 96 சதவீதம் தாது, புரதம் ஒரு சதவீதம்கூட இருக்காது. அதனால்தான் முதிர்ந்த பல்லை அமிலத்தில் ஊறவைத்து ஸ்லைடு செய்தால் எனாமல் இருந்த இடம் வெறும் இடைவெளியாகக் கிடக்கும். வளர்கிற பல்லில் மட்டும் கூழ் மிஞ்சி, தேன்கூடு போலச் சாயம் பிடித்து நிற்கும்.

டாக்டர் முதிரவில்லை என்றது இந்த உருவும் வேலையைத்தான். குடிதண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகமானால் புரதம் வெளியேறுவது தாமதமாகி, மேற்பரப்புக்குக் கீழே நுண்துளைகள் நின்றுவிடும். அங்கே வெளிச்சம் சிதறுவதால்தான் அந்தச் சுண்ணாம்பு வெள்ளை. மேல் முன்பல்லின் எனாமல் பிறந்த 3, 4 மாதத்தில் தொடங்கி 4, 5 வயதுக்குள் முடிந்துவிடும்; நீங்கள் அங்கே இருந்த காலமும் சரியாக அதுதான். பிலான்ஸ்பர்க் பாறையோ நிலத்தடி நீரில் ஃபுளோரைடுக்குப் பேர்போனது. பல் முளைத்ததும் அந்தச் செல்கள் அழிந்துவிடுவதால் இனி உடம்பு இதைச் சரிசெய்யாது. லேசான திட்டென்றால் மேலாக உரசி எடுப்பது, துளைகளில் ரெசின் என்ற பிசினை இறக்குவது என்று டாக்டரிடம் வழி உண்டு.

வீட்டில் சின்னது இருந்து, மறுபடி அந்தப் பக்கம் போவதாக இருந்தால் போர்வெல் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும்.