மரத்தை வெட்டும் முன் எழுதும் காகிதம்: கேள்வி பதில்

அமெரிக்க தேசியக் காடுகளில் மரம் வெட்டுவதற்கு முன் நடக்கும் சுற்றுச்சூழல் ஆய்வு பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. நான் ஓரிகனில் இருக்கிறேன். இப்படிப்பட்ட ஆய்வுக் குழுக்களில் ஓடை, மண் பகுதியை எழுதுவது என் வேலை. வழக்கறிஞர் இல்லை. சட்டத்தை அதன் கீழ் வேலை செய்தவளாகத்தான் சொல்ல முடியும்.

அக்கா, தேசியப் பூங்காவில் ஒரு பூ பறித்தால்கூடத் தப்பு என்கிறார்கள். தேசியக் காட்டிலிருந்து மட்டும் எப்படி லாரி லாரியாக மரம் போகிறது?

பெயர்தான் ஒரே மாதிரி, துறை வேறு. பூங்காக்கள், அரசு நிலங்களையும் இயற்கை வளங்களையும் பார்க்கும் இன்டீரியர் துறையின் கீழ் வருகின்றன. காடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஃபாரஸ்ட் சர்வீஸ் 1905 முதல் வேளாண் துறையில் இருக்கிறது. மரத்தையும் ஒரு விளைச்சலாகப் பார்த்த காலத்தின் ஏற்பாடு அது. 154 காடுகள், சுமார் 19.3 கோடி ஏக்கர். கிட்டத்தட்ட ஆறு தமிழ்நாடு. மரம், மேய்ச்சல், நீர்ப்பிடிப்பு, வனவிலங்கும் மீனும், பொழுதுபோக்கு என எல்லாவற்றுக்கும் இந்த நிலம் பயன்பட வேண்டும் என்று 1960-ல் ஒரு சட்டமே போட்டார்கள். சண்டை முழுக்க அந்த ‘எல்லாவற்றுக்கும்’ என்ற சொல்லில்தான்.

ஆய்வு என்றால் சரியாக என்ன செய்வீர்கள்?

1970 ஜனவரி 1 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம், சுருக்கமாக ‘நெப்பா’, தான் அடிப்படை. மூன்று வாசல்கள் உண்டு. சின்ன வேலைக்கு விலக்கு: உதாரணமாக, உயிருள்ள மரங்களை 70 ஏக்கருக்குள், அரை மைலுக்கு மேல் தற்காலிகச் சாலை போடாமல் வெட்டினால் நீண்ட அறிக்கை தேவையில்லை என்று ஒரு விலக்கு நெடுநாள் இருந்து வந்தது. பட்ட மரங்களுக்கு அது 250 ஏக்கர். தாக்கம் பெரிதா சிறிதா என்று சந்தேகம் இருந்தால் சுருக்க மதிப்பீடு. பெரிது என்று தெரிந்தால் முழுத் தாக்க அறிக்கை. 2023-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி சுருக்கத்துக்கு 75 பக்கம், ஓராண்டு. முழு அறிக்கைக்குப் பொதுவாக 150 பக்கம், இரண்டாண்டு. (இணைப்புகள் கணக்கில் வராது என்பதால் இணைப்புகள் இப்போது கொழுக்கின்றன.)

குழுவில் பறவை பார்ப்பவர், தொல்லியலாளர், மண் ஆள், மர வளர்ப்பு நிபுணர் என்று பலர் இருப்பார்கள். வெளியாட்கள் எல்லாரும் எத்தனை மரம் என்று கேட்பார்கள். நான் முதலில் பார்ப்பது சாலையை. வெட்டிய இடத்தில் செடி கொடி சீக்கிரமே மூடிவிடும். லாரி போய் இறுகிய மண் பல வருடம் தண்ணீரை உள்ளே விடாது. மழை சாலையோடு ஓடி, வண்டலை அள்ளிக்கொண்டு ஓடையில் இறங்கும். சால்மன் மீன் கூழாங்கல் இடுக்கில்தான் முட்டையிடுகிறது. அந்த இடுக்கில் வண்டல் அடைந்தால் முட்டைக்கு மூச்சு கிடைக்காது. போதாக்குறைக்கு, சாலைக்கு அடியில் போட்ட குழாய் சிறிதாக இருந்தால் பெருமழையில் அடைத்துக்கொண்டு சாலையே பெயர்ந்து ஓடைக்குள் விழும். ஆகவே என் பகுதியில் பாதி, சாலையையும் குழாயையும் பற்றியதாகவே இருக்கும்.

கேடு என்று அறிக்கையே சொன்னால் திட்டம் நின்றுவிடும்தானே?

இல்லை. நெப்பா ‘பார்த்துவிட்டுச் செய்’ என்று மட்டும்தான் சொல்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் மெத்தோ பள்ளத்தாக்கில் தேசியக் காட்டு நிலத்தில் பனிச்சறுக்குத் தலம் அமைப்பது பற்றிய வழக்கில், 1989-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: தெரியாமல் முடிவெடுப்பதைத்தான் சட்டம் தடுக்கிறது, தெரிந்தே எடுக்கும் மோசமான முடிவை அல்ல.

திட்டத்தை நிறுத்தும் அதிகாரம் மற்ற சட்டங்களில் இருக்கிறது. எங்கள் வடமேற்குப் பகுதியின் முதிர்ந்த காடுகளில் வாழும் புள்ளி ஆந்தையின் கதை கேட்டிருப்பீர்கள். 1990-ல் அது அழியும் அபாயப் பட்டியலில் சேர்ந்தது. அடுத்த வருடமே சியாட்டிலில் நீதிபதி டுவையர் அதன் வாழிடங்களில் மர விற்பனைக்குத் தடை போட்டார். 1994-ல், எங்கே வெட்டலாம், எங்கே கூடாது என்று பிரித்த வடமேற்குக் காட்டுத் திட்டம் வந்தது, சுமார் 2.4 கோடி ஏக்கருக்கு. எல்லாரும் ஆந்தையைத் திட்டினார்கள். ஆலைகளில் இயந்திரம் வந்து ஆள் குறைந்தது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அதற்காக வேலை போன குடும்பங்களின் கோபம் பொய்யாகிவிடாது.

மொட்டையாக வெட்டுவது தடை செய்யப்பட்டதா?

கட்டுப்பாடு உண்டு, தடை இல்லை. மேற்கு வர்ஜீனியாவின் மொனாங்கஹீலா காட்டில் ஒட்டுமொத்தமாக வெட்டியதைப் பார்த்துக் கொதித்தவர்களில் வான்கோழி வேட்டைக்காரர்களும் உண்டு! பட்ட மரம், முதிர்ந்த மரம், பெரிய மரம் மட்டும் என்றுதான் 1897 சட்டம் சொல்கிறது என்று வாதாடி ஜெயித்தார்கள். 1975-ல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. அதனால் 1976-ல் புதுச் சட்டமே வந்தது. பொதுவான உச்சவரம்பு ஒரே இடத்தில் 40 ஏக்கர். சில மர வகைகளுக்கு அதிகம்.

என் போன்ற சாதாரண ஆள் கருத்து எழுதினால் படிப்பார்களா?

படிப்பார்கள். ஆனால் ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் அனுப்பினால் அது எங்களுக்கு ஒரே கருத்து, ஒரே பதில். ஒருமுறை தூண்டில்காரப் பெரியவர் ஒருவர் கையால் எழுதி அனுப்பினார்: உங்கள் வரைபடத்தில் வறண்ட பள்ளம் என்று போட்டிருக்கிறீர்கள், குளிர்காலத்தில் வந்து பாருங்கள், குஞ்சு மீன் நிற்கும். போய்ப் பார்த்தோம், நின்றது. அந்தப் பள்ளத்தின் இருபுறமும் வெட்டாமல் விடும் நிலப்பட்டையை அகலமாக்கினோம். இடம், காலம், நீங்கள் கண்டது: இந்த மூன்றையும் எழுதுங்கள்.

2025-ல் எல்லாம் மாறிவிட்டது என்கிறார்களே?

நிறைய மாறியது. மார்ச்சில் மர உற்பத்தியைப் பெருக்கச் சொல்லி அதிபர் உத்தரவு. ஏப்ரலில் 11 கோடி ஏக்கருக்கு மேல், ஆய்வை விரைவாக்கும் அவசரநிலை. மொத்தக் காட்டில் பாதிக்கும் மேல். மே மாதம், நெப்பா வழக்குகளில் துறைகளின் முடிவுக்கு நீதிமன்றங்கள் மிகுந்த மதிப்புத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜூலையில் வேளாண் துறை தன் விதிகளையே மாற்றி எழுதியது. நெருக்கமாக வளர்ந்து தீக்குக் காத்திருக்கும் காட்டில் சில மரங்களை எடுத்து நெருக்கத்தைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் தீயைக் காரணம் காட்டி, தீயைத் தாங்கும் பெரிய மரங்களை எடுத்தால் அது என்ன கணக்கு?

நம் ஊரில் இப்படி உண்டா?

பாதை வேறு. நம்மிடம் வழி திறந்ததே நீலகிரியின் கூடலூரில்தான். அங்கே நடந்த மரவெட்டை எதிர்த்து கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ‘காடு’ என்றால் அகராதிப் பொருளில் காடு, யார் பெயரில் இருந்தாலும் சரி, என்றது. மரம் வெட்டுவது மத்திய அரசு ஒப்புக்கொண்ட செயல்திட்டத்தின்படிதான் நடக்க வேண்டும் என்றும் சொன்னது. அமெரிக்காவில் குடிமகன் முதலில் கருத்து எழுதுகிறான், இந்தியாவில் நேரே வழக்குப் போடுகிறான்.

கடைசியாக ஒன்று: நடைபயணத்தில் மரங்களில் நீலமும் ஆரஞ்சும் பூசியிருந்தது. எது வெட்டப்போவது?

வழக்கமாக நீலம் வெட்ட, ஆரஞ்சு விட. ஆனால் விற்பனைக்கு விற்பனை மாறலாம். அந்தக் காட்டின் ரேஞ்சர் அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.