படிக்கட்டுக் கதவில் இருந்து தொடங்குங்கள்

கேள்வி: 17 மாடிக் குடியிருப்பு ஒன்றின் சங்கச் செயலாளராகச் சென்ற மாதம் பொறுப்பேற்றேன். இன்னும் ஆறு வாரத்தில் தீயணைப்புத் துறை ஆய்வுக்கு வருகிறது. பராமரிப்பு நிறுவனம் ‘எல்லாம் சரி’ என்று ஒரு கோப்பைக் கொடுத்திருக்கிறது. ஆனால் படிக்கட்டுக் கதவுகளைக் காற்று வருவதற்காகச் செங்கல் வைத்துத் திறந்தே விட்டிருக்கிறார்கள். நடைவழியில் செருப்பு அலமாரியும் சைக்கிளும் நிற்கின்றன. எடுக்கச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். எதில் தொடங்குவது? 14ஆம் மாடியில் இருக்கும் என் அப்பா சக்கர நாற்காலியில்தான் நடமாடுகிறார். தீப்பிடித்தால் அவரை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: அந்தச் செங்கலில் இருந்து தொடங்குங்கள். கோப்பை அப்புறம் பார்க்கலாம்.

தீயணைப்புத் துறையிடம் பரவலாக இருக்கும் ஏணி வண்டிகள் ஏறக்குறைய 30 மீட்டர் உயரம் எட்டும். ஒன்பது, பத்து மாடி வரைதான் அது. 100 மீட்டரைத் தாண்டி எட்டும் வண்டிகளும் உலகில் உண்டு. எண்ணிக்கையில் குறைவு, நிறுத்தவும் பெரிய இடம் வேண்டும். ஆகவே உங்கள் மேல் மாடிகளில் இருப்பவர்கள் இறங்குவதும் படிக்கட்டு வழியாகத்தான், தீயணைப்பு வீரர்கள் ஏறுவதும் அதே வழியாகத்தான். அதற்குள் புகை நுழைந்துவிட்டால் இரண்டு வழியும் ஒரே நேரத்தில் அடைபடும். உயரக் கட்டடங்களுக்கான விதிகளை எந்த நாட்டில் எடுத்துப் படித்தாலும் பெரும்பகுதி சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்: தீ பிடித்த வீட்டுக்குள்ளேயே நிற்க வேண்டும், படிக்கட்டுக்குள் புகை வரக்கூடாது.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 2022 ஜனவரி 9 அன்று 19 மாடிக் குடியிருப்பு ஒன்றில் ஒரு அறை ஹீட்டரிலிருந்து தீப்பிடித்தது. தீ அந்த வீட்டையும் அதன் வாசல் நடைவழியையும் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. ஆனாலும் 17 பேர் இறந்தார்கள், அவர்களில் 8 பேர் குழந்தைகள். உயிரைப் பறித்தது புகை. தீப்பிடித்த வீட்டிலிருந்து ஆட்கள் வெளியே ஓடியபின் தானாக மூட வேண்டிய வாசல் கதவு மூடவில்லை. மேலே 15ஆம் மாடியில் படிக்கட்டுக் கதவொன்றும் திறந்திருந்தது. சூடான புகை மேலே போகத் துடிக்கும்; படிக்கட்டுக் கூடம் அதற்குப் புகைபோக்கியாகிவிடும். ஒவ்வொரு முறை ஒரு கதவின் அடியில் செங்கலைப் பார்க்கும்போதும் எனக்கு இந்தக் கட்டடம்தான் நினைவுக்கு வருகிறது.

நாளைக்கே எல்லா மாடிக்கும் நடந்து போய் ஒவ்வொரு படிக்கட்டுக் கதவையும் மூன்று நிலையில் விட்டுப் பாருங்கள்: முழுதாகத் திறந்து, பாதி திறந்து, ஒரு சாண் இடைவெளியில். மூன்றிலும் கதவு தானாக வந்து மூடி, தாழ் ‘கிளிக்’ என்று விழ வேண்டும். பெரும்பாலும் கடைசி நிலையில்தான் தோற்கும், ஏனென்றால் கதவைத் தானாக இழுத்து மூடும் டோர் குளோசருக்கு அங்கே விசை போதாது. கதவின் விளிம்பில் நீளமாக ஒரு பட்டை ஒட்டியிருக்கும். சூடு பட்டால் உப்பி இடுக்கை அடைப்பது அதன் வேலை. பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் அதைப் பிய்த்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கலாம். விரல் நுழைந்தால் கதவு தொங்கிவிட்டது என்று அர்த்தம். உதிரிப் பாகங்கள் வந்து சேர நாளாகும், அதனால் இந்தப் பட்டியல் முதல் வாரத்திலேயே தயாராகிவிட வேண்டும்.

உங்கள் படிக்கட்டில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் விசிறி இருக்கிறதா என்றும் கேளுங்கள். அலாரம் அடித்ததும் அது ஓடத் தொடங்கி, படிக்கட்டுக்குள் காற்றழுத்தத்தை வெளியே இருப்பதைவிடச் சற்றே கூட்டும். அதனால் ஒருவர் கதவைத் திறந்தால்கூடப் புகை உள்ளே வராமல் காற்று வெளியே தள்ளும். நாலைந்து மாடிகளில் கதவுகள் திறந்தே கிடந்தால் இந்த விசிறியால் ஒரு பயனும் இல்லை.

கதவு மூடியிருந்தால் புழுக்கமாக இருக்கிறது என்று குடியிருப்பவர்கள் சொல்வது பொய்யில்லை. அதற்கும் வழி இருக்கிறது. கதவைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு, அலாரம் அடித்ததும் விட்டுவிடும் காந்தப் பிடிகள் கிடைக்கின்றன. உங்கள் தீயணைப்புத் துறை ஒப்புக்கொண்டால் போக்குவரத்து அதிகமுள்ள மாடிகளுக்கு மட்டும் போடலாம். மற்ற மாடிகளில் நடைவழியின் வெளிக்காற்று ஜன்னல்கள் அடைபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பல இடங்களில் புழுக்கத்துக்குக் காரணம் அதுதான்.

அடுத்தது கேபிள் ஷாஃப்ட். இதை யாருமே கவனிப்பதில்லை. மின்கம்பிகள் ஒவ்வொரு தளத்தையும் துளைத்து மேலே போகும் இடத்தில், அந்தத் துளையைத் தீ தாங்கும் பூச்சால் அடைத்திருப்பார்கள். கட்டடம் புதிதாக இருக்கும்போது அது ஒழுங்காக இருக்கும். அப்புறம் இணைய இணைப்புக்காரர் ஒருவர் வருவார், துளை போட்டுக் கம்பியை இழுத்துவிட்டுப் போவார். பத்து வருடத்தில் அந்த ஷாஃப்ட் சல்லடையாகிவிடும். டார்ச்சை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து பாருங்கள். கீழ்த்தளத்து வெளிச்சம் மேலே தெரிந்தால் புகைக்கும் அதே வழிதான். இனி துளை போடுகிறவர் அடைத்துக் காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்று காவலாளியிடம் சொல்லி வையுங்கள்.

சரி, பம்ப் ரூம். கோப்பையும் நிஜத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஹைட்ரண்ட் குழாயில், அதாவது தீயணைக்க ஒவ்வொரு மாடிக்கும் தண்ணீர் கொண்டுபோகும் குழாயில், எப்போதும் அழுத்தம் இருக்க வேண்டும். சின்னக் கசிவால் அது குறைந்தால் ஜாக்கி பம்ப் என்ற சிறிய பம்ப் ஓடிச் சரிக்கட்டும். யாராவது வால்வைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விழும், உடனே மெயின் பம்ப் தானே கிளம்பும். மின்சாரம் போயிருந்தால் டீசல் பம்ப் கிளம்ப வேண்டும். இதெல்லாம் பேனலின் சுவிட்ச் ‘ஆட்டோ’வில் இருந்தால்தான் நடக்கும்.

நான் போய்ப் பார்த்த ஒரு கட்டடத்தில் மூன்று பம்பும் புதுப் பெயிண்டில் பளபளத்தன. மூன்று சுவிட்சும் ‘மேனுவல்’. விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. மண்ணுக்குள் எங்கோ குழாய் கசிந்ததால் ஜாக்கி பம்ப் இரவெல்லாம் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஓடியிருக்கிறது, தரைத்தளத்தில் இருந்தவர்கள் தூங்க முடியவில்லை என்று சொல்ல, ஆபரேட்டர் அணைத்துவிட்டார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கோப்பில் மட்டும் மாதாமாதம் ‘சரி’ என்று எழுதியிருந்தது. அன்றிலிருந்து நான் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் கோப்பைத் திறப்பதற்கு முன் அந்தச் சுவிட்சைத்தான் பார்க்கிறேன்.

பராமரிப்பு நிறுவனத்திடம் ‘சரியாக இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள், ‘ஓட்டிக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். பயிற்சி உள்ளவர் ஒருவர் ஹோஸைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடி ஹைட்ரண்டைத் திறக்கட்டும் (வேகத்தில் ஹோஸ் ஆளையே தூக்கிப் போடும், சிறுவர்களை அருகில் விடாதீர்கள்). கீழே பம்ப் ரூமில் நீங்கள் நில்லுங்கள். யாரும் பேனலைத் தொடாமல் மெயின் பம்ப் கிளம்புகிறதா? பிறகு அதன் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். டீசல் பம்ப் கிளம்புகிறதா? கிளம்பாவிட்டால் முதலில் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். டீசல் பம்பை வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்ட வேண்டும் என்று சர்வதேசத் தரநிலைகள் சொல்வது இதற்காகத்தான்.

அலாரம் பேனலில் ‘முடக்கப்பட்டது’ என்று காட்டும் விளக்கு எரிகிறதா பாருங்கள். பொய் அலாரம் தொல்லையால் ஒரு பகுதியையே துண்டித்து, மறந்தும் போயிருப்பார்கள். ஸ்மோக் டிடெக்டர்கள் மேல் பெயிண்ட் வேலைக்காக மாட்டிய பிளாஸ்டிக் மூடிகள் இருந்தால் கழற்றுங்கள். தீயின் சூட்டில் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரின் தலையில் பெயிண்ட் பட்டிருந்தால் துடைக்க வேண்டாம், தலையையே மாற்ற வேண்டும். அதில் உள்ள கண்ணாடிக் குமிழ், சிவப்பு நிறமென்றால் 68 டிகிரி செல்சியஸில் உடைந்து தண்ணீர் விடும். ஒன்று உடைந்தால் கட்டடமே நனைந்துவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. சூடு பட்ட தலை மட்டும்தான் திறக்கும் என்று கூட்டத்தில் சொல்லுங்கள். தீயணைப்பான்களுக்கு முள் பச்சையில் நிற்கிறதா, சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கார்பன் டை ஆக்சைடு வகையில் முள் இருக்காது, எடை போட வேண்டும்.

சண்டை பற்றி. கூட்டத்தில் விதி எண்களை வாசித்தால் யாரும் கேட்கப் போவதில்லை. எதிர்ப்பவர்களைக் கூப்பிட்டு, ஒரு மாலையில் மேல்மாடியில் இருந்து தரைவரை சேர்ந்து நடந்து வாருங்கள். வழியில் ஒவ்வொரு சைக்கிளின் முன்பும் நின்று, ‘புகையில் கண் தெரியாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால் இதை எப்படித் தாண்டுவீர்கள்’ என்று கேளுங்கள். சைக்கிளுக்குக் கீழே ஒரு நிறுத்துமிடம் ஒதுக்கிவிட்டு அப்புறம் எடுக்கச் சொல்லுங்கள். மாற்று இடம் இல்லாமல் சொல்லும் உத்தரவு ஒரு வாரம்கூட நிற்காது. அதிகம் எதிர்த்தவரையே அந்த மாடிக்குப் பொறுப்பாளராக்குங்கள், என் அனுபவத்தில் இது பலன் தந்திருக்கிறது. ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்: நடைவழியிலும் படிக்கட்டு முகப்பிலும் மின் ஸ்கூட்டரையோ அதன் பேட்டரியையோ சார்ஜ் செய்வது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் சில விநாடிகளில் வழியையே நச்சுப்புகை மூடிவிடும்.

ஆய்வு நாளில் சரிசெய்யாத குறை ஏதாவது மிச்சமிருந்தால் மறைக்காதீர்கள். என்ன குறை, யாரிடம் கொடுத்திருக்கிறோம், எந்தத் தேதிக்குள் முடியும் என்று எழுதிக் கையில் வைத்திருங்கள்.

இனி உங்கள் அப்பா. முதலில், உங்கள் கட்டடத்தின் திட்டம் ‘வீட்டிலேயே இருங்கள்’ என்பதா, ‘எல்லோரும் இறங்குங்கள்’ என்பதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்கு வீடு தீ தாண்டாத கட்டடத்தில்தான் முதல் வகை பாதுகாப்பானது. லண்டனின் 24 மாடி கிரென்ஃபெல் டவரில் 2017 ஜூன் 14 அன்று அந்த நம்பிக்கை பொய்த்தது. நள்ளிரவு 12:54க்கு முதல் அழைப்பு வந்தது. வெளிச்சுவரில் ஒட்டியிருந்த எரியும் பலகைகள் வழியாகத் தீ மேலேறியது. உள்ளேயே இருங்கள் என்ற அறிவுரையை 2:47க்குத்தான் திரும்பப் பெற்றார்கள். 72 பேர் இறந்தார்கள். உங்கள் கட்டடத்தின் வெளிச்சுவரில் அலுமினியப் பலகைகள் இருந்தால், அவற்றின் நடுவில் இருக்கும் பொருள் எரியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தீ வேறொரு வீட்டில் இருந்து, உங்கள் மாடியில் புகை வந்துவிட்டால், அவர் வீட்டுக் கதவைச் சாத்தி, அடி இடுக்கில் ஈரத்துணி திணித்து, தீயணைப்புத் துறையை அழைத்து மாடியையும் வீட்டு எண்ணையும் சொல்ல வேண்டும். வழி தெளிவாக இருந்தால், படிக்கட்டில் இறக்கும் வெளியேற்ற நாற்காலி உதவும். சக்கர நாற்காலியைப் படியில் இறக்க முயலாதீர்கள். வெளியேற்ற நாற்காலி ஒன்றைச் சங்கமே வாங்கி அவர் மாடியின் படிக்கட்டு முகப்பில் மாட்டி வைக்கலாம். இதை இயக்க நாலு பேராவது பழக வேண்டும், எப்போதும் இரண்டு பேர் வீட்டில் இருப்பதற்காக. முதலில் காலி நாற்காலியோடு, பிறகு திடமான ஒருவரை உட்கார வைத்து, கடைசியில் அப்பா சம்மதித்தால் அவரோடு ஒரு மாடி மட்டும் இறக்கிப் பாருங்கள். தீயணைப்பு லிஃப்ட் இருந்தால் அதை வீரர்கள்தான் இயக்குவார்கள். அவர்கள் வந்ததும் 14ஆம் மாடியில் ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிய வேண்டும். அதற்கு, தனியாக இறங்க முடியாதவர்களின் மாடி, வீட்டு எண், தொலைபேசி எண் எழுதிய தாள் ஒன்றை அலாரம் பேனல் பெட்டிக்குள் வைத்து, ஒவ்வொரு மாதமும் முதல் தேதி புதுப்பியுங்கள். இரவுக் காவலாளிக்கு அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று தெரிகிறதா என்பதை இரவிலேயே போய்க் கேளுங்கள்.