கேஎல் (கோலாலம்பூர்) ஃபிளாட்ல இருந்துகிட்டு காய்கறி போட்டா வீட்டுச் செலவு குறையுமா, இல்ல இந்த நகர விவசாயம் எல்லாம் சும்மா ஃபேஷனா?

நீங்க அனேகமா செந்தூல், ஸ்தாபாக், செராஸ் இந்த மாதிரி ஏரியால ஒரு ஃபிளாட்ல இருக்கீங்க, மொளகா விலையப் பாத்து கடுப்பாகி பால்கனில ரெண்டு சட்டி வெச்சுப் பாக்கலாமான்னு யோசிக்கிறீங்க, வீட்ல யாரோ "வேலையத்த வேலை"ன்னு சொல்லியிருக்காங்க, அதனால கேக்கறீங்கன்னு எடுத்துக்கறேன். தப்பா இருந்தா மன்னிச்சிக்கங்க. ஆனா "ஃபேஷனா"ன்னு ஒரு வார்த்த போட்டீங்க பாருங்க, அதப் பாத்துட்டு சும்மா போக முடியல.

முதல்ல கேள்விக்கு பதில். குறையும், ஆனா கொஞ்சம்தான். கீரை, கங்கோங் (தண்ணிக் கீரை), மொளகா, கருவேப்பில, செராய் (எலுமிச்சம்புல்), வாசனைக்குப் போடற பாண்டான் இலை, வெண்டிக்கா, இதுக்கெல்லாம் கடைக்கு ஓடறது நல்லாவே கொறஞ்சிடும். கீரையும் கங்கோங்கும் மூணு நாலு வாரத்துல அறுக்கலாம். மொளகாய்க்கு மூணு மாசம் கிட்ட பொறுமை வேணும். அரிசி, வெங்காயம், பருப்பு இதுக்கு உங்க பால்கனி ஒண்ணும் பண்ணாது. 2023 ஜூலைல இந்தியா பாஸ்மதி இல்லாத வெள்ள அரிசி ஏற்றுமதிய நிறுத்துச்சு, செப்டம்பர்ல இங்க அரிசி இறக்குமதி பண்ற பெர்னாஸ் கம்பெனி இறக்குமதி அரிசிய டன்னுக்கு 2,350 வெள்ளில (ரிங்கிட்) இருந்து 3,200 வெள்ளிக்கு ஏத்துச்சு, டிசம்பர்ல இந்தியா வெங்காயத்தையும் நிறுத்துச்சு. அந்த மூணு அடிக்கும் மருந்து மொட்ட மாடில கெடையாது, அது நாட்டு அளவுல பாக்க வேண்டியது. சட்டில போட்டா சோறு வரும்னு சொல்றவங்க பேச்ச நம்பாதீங்க.

இப்ப என் கதைக்கு வரேன். எங்கம்மா கோல சிலாங்கூர் பக்கம் ஒரு எஸ்டேட்ல பொறந்து வளந்து பால் மரம், அதான் ரப்பர் மரம், சீவுனவங்க. லயத்துக்கு, அதான் தொழிலாளிங்க வரிசை வீட்டுக்கு, பின்னாடி ஆளாளுக்கு ஒரு துண்டு நெலம் இருக்கும், மரவள்ளி, பயித்தங்கா, கத்திரிக்கா, முருங்க, ஓரத்துல ரெண்டு வாழ, சாயங்காலம் வேல முடிஞ்சு வந்து அதுல நிப்பாங்களாம். 1974ல அப்ப பிரதமரா இருந்த துன் ரசாக் பச்சப் புத்தகத் திட்டம்னு கொண்டு வந்து வீட்டுக் கொல்லைல எல்லாரும் காய்கறி போடுங்கன்னு சொன்னப்ப, "நமக்கு இது புதுசா"ன்னு லயத்துல பேசிக்கிட்டாங்கன்னு அம்மா இன்னைக்கும் சொல்வாங்க. எஸ்டேட்டு வித்துப் போனதும் குடும்பம் கேஎல் வந்துச்சு, ஃபிளாட்டு, ஏழாவது மாடி, கால் வெக்க மண்ணு கெடையாது. வந்த புதுசுல அம்மாவுக்குப் பேச்சே கொறஞ்சு போச்சு.

எங்க பிளாக்குக்குப் பின்னாடி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சரிவு, அரசாங்க நெலம், லாலாங் புல்லும் ஒடஞ்ச சோபாவும் குப்பையும்தான். அம்மாதான் முதல்ல எறங்குனாங்க. செம்மண்ணு, வெயில்ல செங்கல்லு மாதிரி, மண்வெட்டி போட்டா திருப்பி அடிக்கும். அதுக்கு உரம் வேணும்ல, பழைய பெயிண்ட் வாளில அடில ஓட்ட போட்டு, காய்கறித் தோலு ஒரு அடுக்கு, காஞ்ச எல ஒரு அடுக்கு, மேல ஒரு பிடி மண்ணு, திரும்பத் தோலு, வாரத்துக்கு ஒரு தடவ கெளறி விடணும். நாத்தம் வந்தா காஞ்ச எல பத்தலன்னு அர்த்தம், ரொம்ப காஞ்சிருந்தா அரிசி கழுவுன தண்ணி கொஞ்சம் தெளிக்கணும். ரெண்டு மாசம் கழிச்சு அள்ளிப் பாத்தா கறுப்பா, மழ பெஞ்ச மண் வாசத்தோட இருக்கும். அம்மா அத உள்ளங்கைல வெச்சு அமுக்கிப் பாத்துட்டு, உருண்டையா நின்னு ஒடனே உதுந்தாத்தான் பாத்தில போட விடுவாங்க.

சரிவுல மழ மண்ண அரிச்சிக்கிட்டுப் போயிடும், கேஎல் சாயங்கால மழ தெரியும்ல, அதுக்கு சர்க்கரவள்ளிக் கொடிய குறுக்க வரிசையா நட்டாங்க, அது படர்ந்து மண்ணப் புடிச்சிக்கும், எலையும் சமைக்கலாம். அந்த எலைக்கு மூணாவது மாடி சீன ஆன்ட்டி வர ஆரம்பிச்சாங்க. நாங்க வல்லாரைன்னு போட்டத பக்கத்து பிளாக் மக்சிக் (மலாய்க்கார அம்மா) பெகாகான்னு சொல்லி உலாமுக்கு, அதான் பச்சையா சாப்புடற கீரைக்கு, பறிச்சிக்கிட்டு, பதிலுக்கு அவங்க வீட்டு செராய் குத்தக் கொண்டு வந்து நட்டாங்க. அதுக்கு முன்னாடி லிஃப்ட்ல மூஞ்சத் திருப்பிக்கிட்டு நின்ன சனங்க.

2020 மார்ச்ல கொரோனாவுக்கு எம்சிஓ, அதான் நடமாட்டக் கட்டுப்பாடு, வந்தப்ப கேமரன் மலைல வண்டி ஓடாம, வாங்க ஆள் இல்லாம காய்கறிய மலை மலையா கொட்டுனாங்களே, நியூஸ்ல பாத்திருப்பீங்க. 200 கிலோமீட்டர் தள்ளி கோஸ் குப்பைல போகுது, இங்க ஃபிளாட்ல மாச்சம்பளம் நின்னு போன குடும்பங்க மெகி நூடுல்ஸத் தின்னுக்கிட்டு இருக்குதுங்க. எங்க சரிவுல இருந்து கீரக்கட்டு, மரவள்ளி, பப்பாளிக்கா கதவு கதவா போச்சு, காசு வாங்கல. அதையா ஃபேஷன்னு சொல்வீங்க? ஒரு ஊர் தன் சாப்பாட்டுக்கு ஒரே ரோட்ட நம்பியிருந்தா அந்த ரோடு அடைபட்ட அன்னைக்கு என்ன ஆகும்னு அன்னைக்குத்தான் கண்ணால பாத்தோம். 2021 கடைசில வெள்ளமும் வந்துச்சு, காய்கறி வெல ஏறுனதுன்னா அப்படி ஏறுச்சு, நீங்களும் குடுத்து வாங்கியிருப்பீங்க.

அப்புறம் ஒரு நாள் நோட்டீஸ். அந்த எடத்துக்குப் பொறுப்பானவங்க யாருன்னு நான் பேர் சொல்ல வரல, யாரையும் வம்புக்கு இழுக்கறதுக்காக எழுதல. லாரி வந்துச்சு, புல்டோசர் வந்துச்சு, காய் முத்தட்டும்னு கேட்டதுக்குக்கூட டைம் தரல. இப்ப அங்க கார் பார்க், மாசத்துக்கு வாடக. அம்மா நட்ட முருங்க மட்டும் வேலி ஓரமா இருந்ததால தப்பிச்சிடுச்சு.

உடனே ஒருத்தர் வந்து "அரசாங்க நெலத்துல கேக்காம போட்டது உங்க தப்பு"ன்னு எழுதுவாரு, அது எனக்கும் தெரியும். தேசிய நிலச் சட்டத்துல 425ஆவது பிரிவு இருக்கு, அனுமதி இல்லாம அரசாங்க நெலத்துல எறங்குனா 5 லட்சம் வெள்ளி வரைக்கும் அபராதம் போட எடம் இருக்கு. கேக்காமலா இருந்தோம்? டிஓஎல், அதான் தற்காலிக குடியேற்ற லைசன்ஸ், அதுக்கு அலைஞ்சோம், பாரம் நெரப்புனோம், இந்தக் கவுண்டர்ல இருந்து அந்தக் கவுண்டர். சரி, குடுத்தாலும் அது அந்த வருஷம் டிசம்பர் 31 வரைக்கும்தான், அப்புறம் திரும்பப் புதுப்பிக்கணும், எப்ப வேணாலும் இல்லன்னு சொல்லலாம். வருஷத்துக்கு வருஷம் கைல இருக்குமா இருக்காதான்னு தெரியாத நெலத்துல யாரு பலாக்கன்னு வெப்பா, யாரு மண்ணுக்குக் காசு போடுவா? ஒரு செம்மண்ண கறுப்பு மண்ணா ஆக்கறதுக்கே வருஷங்க ஓடிடும். நகரத்துல சாப்பாடு வெளையணும்னா இவங்க மேடைல பேசற எல்ஈடி லைட்டு, மண்ணில்லாம தண்ணில வளக்கற ஹைட்ரோபோனிக்ஸ் குழாய் எல்லாம் ரெண்டாவது, அஞ்சு வருஷம் பத்து வருஷம் யாரும் தொட மாட்டாங்கன்னு எழுத்துல ஒரு துண்டு நெலம், அதுதான் முதல்ல. பங்சார் புக்கிட் பண்டாராயால டிஎன்பி (மின்சார வாரியம்) ஹைடென்ஷன் கம்பிக்குக் கீழ 2017ல ஆரம்பிச்ச கெபுன் கெபுன் பங்சார்னு ஒரு சமூகத் தோட்டம் இருக்கு, போய்ப் பாருங்க, அருமையா வெச்சிருக்காங்க, மனசு நெறைஞ்சு வரலாம். அந்த மாதிரி கம்பிக்கடி நெலம், ஆத்தோரம், எல்ஆர்டி ரயில் தண்டவாளத்துக்குக் கீழன்னு கேஎல் முழுக்க சும்மா கெடக்கு. அதுல ஃபிளாட்டு சனத்துக்கு ஒரு பங்கு குடுங்கன்னுதான் கேக்கறோம்.

குப்பை விஷயமும் சொல்லிடறேன். நாடு முழுக்க ஒரு நாளைக்கு 17,000 டன் கிட்ட சாப்பாட்டுக் கழிவு போகுதுன்னு, குப்பை விவகாரத்தப் பாக்கற அரசாங்க நிறுவனம் எஸ்டபிள்யூகார்ப் சில வருஷத்துக்கு முன்னாடி கணக்கு சொல்லுச்சு. 2015 செப்டம்பர் 1ல இருந்து கேஎல்ல குப்பையப் பிரிச்சுப் போடணும்னு சட்டம் வேற. எங்க ஏரியால ஒரு கோயில், வெள்ளிக்கெழம அன்னதானம், வாழப்பூத் தோலு, பூசணித் தோலு, மால மாலையா பூவு எல்லாம் கறுப்பு பிளாஸ்டிக்ல கட்டி வீசுவாங்க. உரத்துக்குத் தாங்கன்னு கேட்டா லெட்டர் எழுதிக் குடுங்க கமிட்டில வெக்கறோம்னாங்க. வருஷமாச்சு, கமிட்டி மாறிடுச்சு, லெட்டரக் காணோம். கோபுரத்துக்குப் பெயிண்ட் அடிக்க நிதி கேட்டு மட்டும் மாசா மாசம் வாட்சாப் வருது. பொம்பள பேசுனா கோயில் விஷயத்துல தலையிடறான்னு சொல்வாங்க, சொல்லட்டும். சாமிக்குப் போட்ட பூவு குப்பை லாரில போறது எனக்கு வலிக்குது.

சரி, உங்களுக்குப் பயன்படற மாதிரி சொல்றேன். நான் விவசாய அதிகாரி இல்ல, கைல மண்ணு பட்டவ, அவ்ளோதான். யூடியூப்ல தமிழ்நாட்டுக்காரங்க ஆடிப் பட்டம் தேடி விதைன்னு சொல்றது அவங்க மண்ணுக்கு சரி, இங்க நமக்கு அந்த மாதிரி பருவம் கெடையாது, ஏப்ரலும் நவம்பரும்தான் அடிச்சு ஊத்தற மாசம், அப்ப சின்ன நாத்த வெளிய வெக்காதீங்க, அழுகிடும். கொத்தமல்லிய விட்டுடுங்க, நம்ம சூட்டுக்கு சீக்கிரம் பூத்துடும். கேஎல்ல வெயில் ஏறக்குறைய தலைக்கு மேல போறதால, வடக்கு தெக்கு பாத்த பால்கனில உள்ள வெயில் எறங்கறது கம்மி, கீரை, பாண்டான், வல்லாரை வரைக்கும் பாக்கலாம், மொளகாவும் வெண்டிக்காவும் கெழக்கு மேக்கு பாத்த எடத்துலதான் காய்க்கும், அஞ்சு ஆறு மணி நேரம் வெயில் வேணும். மொளகா கொழுந்து எல சுருண்டா எல அடியத் திருப்பிப் பாருங்க, பூச்சி இருக்கும், ஆரம்பத்துலயே புடிங்க, முழுசா சுருண்ட செடிய மனசு கேக்கலன்னாலும் புடுங்கிடுங்க, இல்லன்னா பக்கத்து செடிக்கும் போயிடும். சட்டிக்கு அடில தட்டு வெக்காதீங்க, தண்ணி தேங்கி ஏடிஸ் கொசுப் புழு வந்தா, நோய் பரப்பற பூச்சிகள ஒழிக்கற 1975 சட்டப்படி கம்பவுண்ட் (அபராதம்) வரும், அதுக்கு மேல பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு டெங்கி வந்தா யாரு பதில் சொல்றது. 2020 செப்டம்பர்ல சுங்கை கோங் ஆத்துல கழிவு கலந்து பாதி கேஎல்லுக்கு தண்ணி நின்னு போச்சே, அதுல இருந்து நாங்க மழத்தண்ணி புடிக்கறோம், தொட்டிக்கு வாய நைலான் வலையால இறுக்கிக் கட்டித்தான் வெப்போம். காரிடார்ல வெச்சா பொம்பா (தீயணைப்பு) ஆளுங்க வர வழி விட்டு வெய்ங்க, அத வெச்சே மேனேஜ்மென்ட் எல்லாத்தையும் தூக்கிடும்.

அம்மா இப்ப பால்கனில பத்துப் பன்னெண்டு சட்டி வெச்சிருக்காங்க, மேக்கு பாத்தது, மொளகா நல்லா வருது. எங்க பிளாக் ஆளுங்க சேந்து வேற ஒரு துண்டுக்கு மறுபடியும் மனு போட்டிருக்கோம், இந்தத் தடவ மக்சிக், சீன ஆன்ட்டி எல்லார் கையெழுத்தும் இருக்கு. உங்க பால்கனி எந்தப் பக்கம் பாத்தது, எத்தனாவது மாடின்னு கீழ எழுதுங்க, எத முதல்ல நடலாம்னு அம்மாகிட்ட கேட்டு சொல்றேன்.