பார்சல் ஏன் திரும்பி வந்தது?

கேள்வி: தீபாவளிக்குப் பெரியவர்களுக்கு என்ன கொடுப்பது என்று வருஷா வருஷம் குழப்பம். ராஜபாளையத்தில் தனியாக இருக்கும் என் பெரியம்மாவுக்கு 72 வயது. அப்பா அம்மா போன பிறகு மில் வேலை பார்த்து என்னையும் தம்பியையும் படிக்க வைத்தவர். புடவை, மிக்ஸி, ஸ்மார்ட்போன் எல்லாம் கொடுத்துப் பார்த்தாச்சு; அத்தனையும் பீரோவில் தூங்குகிறது. போன வருஷம் ஆன்லைனில் முந்திரி, பாதாம் பெட்டி அனுப்பினேன். டெலிவரி பையன் மூன்று தடவை பெல் அடித்தும் கதவு திறக்கவில்லையாம், பார்சல் திரும்பி வந்துவிட்டது. நல்லவேளை, பணம் உடனே கணக்கில் ஏறிவிட்டது. இத்தனைக்கும் பெரியம்மா வீட்டில்தான் இருந்தார். போனில் எது கேட்டாலும் 'சரிம்மா, நல்லாயிருக்கேன்' என்பதோடு முடித்துக்கொள்வார். அப்பாவின் நண்பர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும். இரண்டு பேருக்கும் மனசுக்குப் பிடித்த மாதிரி ஒரு பரிசு சொல்லுங்கள். பட்ஜெட் பிரச்சினை இல்லை.
வாசகி, சென்னை

பதில்: பணம் கணக்கில் ஏறிவிட்டது, சரி. கதவு ஏன் திறக்கவில்லை என்று கேட்டீர்களா?

ஆடி முடிந்தால் போதும், இந்தக் கேள்வி எனக்கு வர ஆரம்பித்துவிடும். எழுதுகிறவர்கள் எல்லாரும் பாசக்காரர்கள்தான். ஆனால் நான் ஒரு பொருளின் பெயரைச் சொல்லிவிட்டால் விஷயம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். உங்களுக்குப் பொருள் தேடும் வேலையே இல்லை. என்ன தேவை என்பதை அந்த டெலிவரி பையன் போன தீபாவளிக்கே சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நீங்கள் ரீஃபண்ட் வந்ததா என்று மட்டும் பார்த்திருக்கிறீர்கள்.

மூன்று தடவை பெல் அடித்திருக்கிறது. பெரியம்மா உள்ளேதான் இருந்திருக்கிறார். போனில் எதைக் கேட்டாலும் ஒரே பதில். அடுத்தடுத்த வரிகளில் நீங்களே எழுதியும் உங்களுக்கு உறைக்கவில்லையே அம்மா! பெரியம்மாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. 'சரிம்மா, நல்லாயிருக்கேன்' என்பது எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற பதில். நாலு தடவை 'என்னது?' என்று கேட்டால் இந்தப் பக்கம் குரல் மாறும். 'விடுங்க பெரியம்மா, ஒண்ணுமில்ல' என்போம். அதற்குப் பயந்தே நிறையப் பேர் திருப்பிக் கேட்பதை விட்டுவிடுகிறார்கள்.

60 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் காது மந்தமாகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயதால் வரும் மந்தத்தில் முதலில் போவது கீச்சென்ற ஒலிகள். குருவிச் சத்தம் போடும் காலிங் பெல், சின்னக் குழந்தைகளின் பேச்சு, வார்த்தைக்குள் வரும் ஸ், ச் போன்ற மெல்லிய ஒலிகள். ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது பிடிபடாது. 'நாங்க பேசினா நல்லாத்தானே கேக்குது' என்று பல வீடுகளில் வருஷங்களை ஓட்டிவிடுவது இதனால்தான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பெரியம்மா மில் வேலை பார்த்தார் என்று அரை வரியில் எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். ராஜபாளையத்தில் மில் என்றால் பெரும்பாலும் நூற்பாலைதான். மெஷின் ஓடும்போது அந்த ஹாலுக்குள் ஒரு தடவையாவது போய் நின்றிருக்கிறீர்களா? பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசக் காதருகே போய்க் கத்த வேண்டும். 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் தினம் எட்டு மணி நேரம், வருஷக்கணக்கில் நின்றால் உள்காதில் இருக்கும் நுண்ணிய முடிச் செல்கள் சாகும். செத்தது திரும்ப முளைக்காது. பெரியம்மாவுக்கு வயதால் போனதா, மில்லால் போனதா, இல்லை வேறு காரணமா என்பதை டாக்டர் சொல்லட்டும். ஆனால் உங்கள் காலேஜ் ஃபீஸ் அந்தச் சத்தத்துக்குள்ளிருந்துதான் வந்தது. பெற்றவர்களுக்குத்தான் கடமை, வளர்த்த பெரியம்மாவுக்கு வருஷத்துக்கு ஒரு பார்சல் போதும் என்ற கணக்கை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இதைப் படித்ததும் போனை எடுத்து ஆன்லைனில் காது மெஷின் தேடாதீர்கள். ஆயிரம், இரண்டாயிரத்துக்கு அங்கே கிடைப்பவற்றில் பல, எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகக் கூட்டிவிடும் கருவிகள். பாத்திரம் விழுந்தால் இடி விழும். முதலில் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போங்கள். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். சில சமயம் குரும்பி அடைத்திருக்கும். எடுத்துவிட்டால் அதோடு சரியாகிவிடும். அப்படி இல்லையென்றால் ஆடியோகிராம் எடுப்பார்கள். சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொல்வார்கள், வலியே கிடையாது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் இதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. எந்த ஒலி எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதற்கேற்ப மெஷினை டியூன் செய்து தருவார்கள். ஒரு காதுக்குச் சில ஆயிரத்திலிருந்து லட்சத்தைத் தாண்டியும் விலை போகிறது. பட்ஜெட் பிரச்சினை இல்லை என்றீர்களே, இங்கே காட்டுங்கள். வயதான விரல்களுக்குப் பொட்டு அளவு பேட்டரியை மாற்றுவது பெரும்பாடு, அதனால் சார்ஜ் போடுகிற மாதிரி இருக்கிறதா என்று கேளுங்கள்.

வாங்கிக் கொடுத்துவிட்டு ராத்திரி பஸ் ஏறினீர்களானால் பீரோவில் தூங்குகிற சாமான்களோடு இதுவும் சேரும். முதல் சில வாரங்கள் ஃபேன் ஓடுவது, தட்டு உரசுவது, தான் மெல்லுவது எல்லாமே பெரிதாகக் கேட்டு எரிச்சல் வரும். 'இது வேண்டாம்மா, எடுத்துட்டுப் போயிரு' என்பார். திரும்பப் போய் டியூனை மாற்ற வேண்டும், மறுபடியும் போக வேண்டியிருக்கும். அந்த நாட்களில் கூட ஒரு ஆள் இருக்கணும். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் அங்கிருந்தே வேலை பாருங்கள். முடியாதென்றால் தம்பியோடு முறை வைத்துக்கொள்ளுங்கள். படித்தது இரண்டு பேரும்தானே.

அழைத்தால் உடனே வரமாட்டார். 'இந்த வயசுல எதுக்குச் செலவு' என்பார். 'உங்களுக்குக் காது கேக்கல' என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிடாதீர்கள். 'நான் பேசுறது உங்களுக்கு முழுசா விளங்கணும் பெரியம்மா, எனக்காக வாங்க' என்று கேளுங்கள். பேசும்போது டிவியை நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசுங்கள். கத்தினால் வார்த்தை இன்னும் குழம்பும். பெல் அடித்தால் விளக்கு மின்னுகிற காலிங் பெல் கிடைக்கிறது, அதை முதல் நாளே மாட்டிவிடுங்கள்.

அப்பாவின் நண்பருக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். அப்பாவும் அவரும் சேர்ந்திருக்கும் பழைய போட்டோ ஏதாவது வீட்டில் இருக்கும். பெரிதாகப் பிரிண்ட் போட்டு, நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு வேளை அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சர்க்கரை இருக்கிறதா என்று தெரியாமல் ஸ்வீட் பாக்ஸ் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

தீபாவளிக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. இந்த வாரமே போனால் அதற்குள் மெஷின் ஓரளவு பழகிவிடும். அன்றைக்குக் காலையில் எண்ணெய் தேய்ப்பதற்கு முன்னால் அதைக் கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள். எண்ணெய், தண்ணீர் இரண்டுமே அதற்கு ஆகாது.