உயில் ஒன்று, உரிமை கோருவோர் பலர்

உயிலை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்றவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நடைமுறை விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும். பதில்களில் இருப்பவை பொதுச் சட்ட மரபின், அதாவது இங்கிலாந்தில் தோன்றிய சட்ட முறையின், அடிப்படைகள்.

அத்தையைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட பெண், தையல் இயந்திரத்தைத் தனக்குத் தருவதாக அவர் பலமுறை சொன்னார் என்கிறார். உயிலில் அப்படி எதுவும் இல்லை. கொடுத்துவிடலாமா?

அவர் சொல்வது முழு உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் தருவதாகச் சொன்னது வேறு, தந்தது வேறு. கொடுக்கும் எண்ணம் இருந்து, பொருள் கைமாறி, மற்றவர் அதை ஏற்றுக்கொண்டிருந்தால்தான் அது கொடை. இயந்திரம் இறுதிவரை அத்தையின் வசமே இருந்திருந்தால், அது அவர் விட்டுச்சென்ற சொத்தில் சேரும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சாவு நெருங்கிவிட்டது என்று உணர்ந்த ஒருவர், "நான் போனபின் இது உனக்கு" என்று பொருளையே ஒப்படைத்திருந்தால் அதைச் சட்டம் தனி வகையாகப் பார்க்கும். ரோமானியச் சட்டத்திலேயே இதற்கு இடம் இருந்தது. ஆகவே அத்தை எப்போது சொன்னார், யார் உடனிருந்தார்கள், பொருள் யார் கையில் இருந்தது என்று அந்தப் பெண்ணிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். நிரூபிக்கும் பொறுப்பு உரிமை கோருபவருடையது.

நிரூபிக்க முடியாவிட்டாலும் வழி அடைபடவில்லை. கடன்கள் தீர்ந்தபின் அந்த இயந்திரம் யாருக்குச் சேர வேண்டுமோ, அவர்கள் வயது வந்தவர்களாக இருந்து, எல்லோரும் எழுத்தில் சம்மதித்தால் கொடுக்கலாம். தயங்காமல் அவர்களிடம் கேளுங்கள். உடலால் உழைத்துப் பார்த்துக்கொண்டவருக்காக ஒரு கடிதம் எழுதுவது வீண்வேலை அல்ல. நீங்களாக எடுத்துக் கொடுப்பது மட்டும் கூடாது. பின்னால் யாராவது கேட்டால் அதன் மதிப்பை உங்கள் கைக்காசிலிருந்து ஈடுகட்ட நேரிடும்.

மாமாவின் கேமரா தன்னுடையது, இரவல் கொடுத்தது என்கிறார் அவருடைய நண்பர்.

இரவல் பொருள் மாமாவின் சொத்தே அல்ல. அதைத் திருப்பித் தருவது உங்கள் கடமை. வாங்கிய ரசீது, கேமராவின் வரிசை எண், இருவருக்கும் இடையே நடந்த செய்திப் பரிமாற்றம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். பொருந்தினால் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள்.

அப்பா இறந்த மறுநாளே அண்ணன் கைக்கடிகாரத்தையும் சில பாத்திரங்களையும் எடுத்துச் சென்றுவிட்டார். கேட்டால் சண்டை வருகிறது.

சண்டைக்கு அஞ்சி விட்டுவிடாதீர்கள். மற்ற வாரிசுகளின் பங்கும் உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. முதலில் வீட்டுப் பூட்டை மாற்றுங்கள். இருப்பதையெல்லாம் அறை அறையாகப் படம் எடுத்துப் பட்டியலிடுங்கள். பிறகு அண்ணனுக்கு அமைதியான ஒரு கடிதம்: எடுத்தவை இவை, பங்கீடு முடியும்வரை எல்லாம் ஓரிடத்தில் இருக்க வேண்டும், திருப்பித் தாருங்கள். குற்றச்சாட்டுச் சொல் ஒன்றுகூட வேண்டாம். அவரும் ஒரு பங்குதாரர் என்றால், மற்றவர்கள் ஒப்புக்கொள்ளும்பட்சத்தில் அவற்றை மதிப்பிட்டு அவர் பங்கில் கழிக்கலாம்.

உயிலில் என் மகளுக்கு என்று எழுதிய சங்கிலியைப் பாட்டி உயிரோடு இருந்தபோதே விற்றுவிட்டார். ஈடாகப் பணம் கிடைக்குமா?

பொதுவாகக் கிடைக்காது. குறிப்பிட்ட பொருள் இறக்கும்போது இல்லையென்றால் அந்தக் கொடையும் இல்லை.

நிறைவேற்றுபவள் நானே. சித்தி எனக்கு உயிரோடு இருக்கும்போதே கொடுத்த மோதிரம் என்னிடம் இருக்கிறது. தங்கை அதை நம்பவில்லை.

இதில் நீங்களே கோருபவர், நீங்களே தீர்ப்புச் சொல்பவர். அந்த இரட்டை நிலைதான் சிக்கல். மோதிரத்தைப் பட்டியலில் 'தகராறுள்ளது' என்று குறித்து, உங்கள் ஆதாரங்களை எல்லாப் பயனாளிகளுக்கும் அனுப்புங்கள். அவர்கள் ஏற்காவிட்டால் சமரசராக ஒரு வெளியாளை நாடுங்கள், அல்லது நீதிமன்றத்தின் வழிகாட்டுதலைக் கேளுங்கள். பொருளின் மதிப்பைவிட வழக்குச் செலவு கூடிவிடும் என்பதையும் தங்கையிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

எல்லோரும் உடனே பிரிக்கச் சொல்லி நெருக்குகிறார்கள்.

பொதுச் சட்ட மரபில் இறந்த நாளிலிருந்து ஓராண்டுவரை பங்கீடு செய்யும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. தகராறில்லாத பொருட்களைக் கடன்கள் தீர்ந்ததும் கொடுக்கத் தொடங்குங்கள். தகராறுள்ளவை பூட்டிய அறையிலேயே இருக்கட்டும்.